ரயில் செட் சாமான் இனி எங்கே மலிவாகக் கிடைக்கும்? (மேரிலாந்து, எச்ஓ)

கொலம்பியா_கீதா:

வணக்கம். போன கிறிஸ்துமஸுக்குப் பையனுக்கு பாக்மன் கம்பெனியின் எச்ஓ ரயில் செட் ஒன்று (அசல் ரயிலில் 87-இல் ஒரு பங்கு அளவு) வாங்கிக் கொடுத்தோம். முட்டை வடிவத் தண்டவாளம், ஒரு டீசல் எஞ்சின், மூன்று வேகன். பொங்கலுக்குள் மூலையில் போட்டுவிடுவான் என்று நினைத்தேன். அவனும் போடவில்லை, எனக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. இப்போது பேஸ்மென்டில் நாலுக்கு எட்டடி பிளைவுட், அதன்மேல் அரைகுறையாக ஒரு ஊர்.

இதுவரை எல்லாம் பக்கத்துக் கைவினைப்பொருள் கடையில்தான் வாங்கினேன். நாடு முழுக்கக் கிளை உள்ள கடை, பெயர் வேண்டாம். கடைசி வரிசையில் ஓர் அலமாரி நிறைய புல்தூள், ஜல்லி, மரம், தண்டவாளத் துண்டு எல்லாம் இருக்கும். போகிற போக்கில் ஒன்றிரண்டு எடுத்துக்கொண்டு வருவேன். போன வாரம் போனால் அந்த அலமாரியே இல்லை. அங்கே மெழுகுவர்த்தி செய்யும் சாமான் அடுக்கியிருக்கிறார்கள். கேட்டதற்கு ஆன்லைனில் பாருங்கள் என்றார் அந்தப் பெண். பார்த்தேன். ஒரு டப்பா புல்தூளுக்கு ஷிப்பிங், டப்பாவின் விலைக்கே வந்து நிற்கிறது.

எனக்கு வேண்டியது: இன்னொரு சுற்றுக்குத் தண்டவாளம், இரண்டு பாயிண்ட் (ஒரு லைன் இரண்டாகப் பிரியும் தண்டவாளம்), ஜல்லி, ஒரு சின்ன மலை, நிறைய மரம், பழைய வேகன் நாலைந்து. மாதம் ஐம்பது டாலரைத் தாண்டினால் வீட்டில் பட்ஜெட் கூட்டம் நடக்கும். இங்கே இதைச் செய்கிற தமிழர் யாராவது வழி சொல்லுங்களேன்.

எடிசன்_பாலா:

கீதா, உங்கள் ஊர் மட்டுமில்லை. ரேடியோஷாக் 2015-இல் திவாலான பிறகு ஒயருக்கும் சுவிட்சுக்கும் அலைந்தோம். துணிக்கடை ஜோஆன் 2025-இல் மொத்தமாக மூடியதும் வெட்டுத் துணி, ஸ்பாஞ்ச், பசை வாங்கின இடமும் போயிற்று. பெரிய கடைக்காரன் பக்கம் யோசித்தால் புரிகிறது: நூறு விதச் சின்னச் சாமான், ஒவ்வொன்றும் எப்போதாவது ஒருவர் வாங்குவது. அந்த இடத்தில் மெழுகுவர்த்தி வைத்தால் நாலு மடங்கு விற்கும்.

ஆன்லைனில் ஒன்றொன்றாக வாங்காதீர்கள். ஒரு பட்டியல் போட்டு, இலவச ஷிப்பிங் வரம்பு வரும்வரை சேர்த்து வைத்து ஒரே ஆர்டராகப் போடுங்கள். ஈபேயில் தனி வேகனைவிட 'லாட்' என்று மொத்தமாக விற்பதைத் தேடுங்கள்.

சீனத் தளங்களில் நூறு மரம் பத்து டாலருக்கு வந்த காலம் முடிந்தது. 800 டாலருக்குள் வரும் பார்சலுக்கு வரி இல்லை என்ற சலுகை, சீனச் சரக்குக்கு 2025 மே மாதமும் மற்ற நாடுகளுக்கு ஆகஸ்ட் கடைசியிலும் எடுக்கப்பட்டுவிட்டது. பழைய வீடியோக்களில் சொல்லும் விலையை நம்பிப் போகாதீர்கள்.

பொன்மலை_ஃபிட்டர்:

அம்மா கீதா, நான் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். மகள் வீடு எல்லிகாட் சிட்டி, உங்களுக்குக் கூப்பிடு தூரம். வருஷத்தில் பாதி இங்கே, பாதி திருச்சி. பென்ஷனில்தான் என் லேஅவுட் ஓடுகிறது. அதனால் மலிவைப் பற்றி நான் பேசலாம்.

உருளுகிறதையும் கரண்ட் ஓடுகிறதையும் காசு கொடுத்து வாங்குங்கள். அசையாமல் நிற்கிற எதையும் வாங்காதீர்கள், செய்யுங்கள். அந்த அலமாரியில் நீங்கள் கொடுத்த காசில் முக்கால்வாசி அசையாத சாமானுக்குத்தான் போயிருக்கும். அது ஒழிந்தது என்று சந்தோஷப்படுங்கள்.

தண்டவாளத்தை முதலில் பாருங்கள். செட்டோடு வந்த தண்டவாளத்தின் அடிப்பாகம் கறுப்பா, சாம்பலா? கறுப்பு என்றால் மேலே ஸ்டீல், சாம்பல் என்றால் நிக்கல் சில்வர் என்ற கலப்பு உலோகம். உங்களுடையது பேஸ்மென்ட். இந்த ஊர்க் கோடை ஈரத்துக்கு ஸ்டீல் துரு ஏறும், எஞ்சின் திக்கித் திக்கிப் போகும். இனி வாங்குவது சாம்பலாக இருக்கட்டும், விலை கூட இருந்தாலும் சரி. பழைய சாமான் மேஜைகளில் பித்தளைத் தண்டவாளம் பெட்டி பெட்டியாக அடிமாட்டு விலைக்கு வரும். அதைத் தொடாதீர்கள். பித்தளைமேல் படியும் ஆக்ஸைடு கரண்டை விடாது, தேய்த்துத் தேய்த்தே கை போய்விடும்.

கோடு (Code) 100, கோடு 83 என்று பெட்டியில் போட்டிருப்பான். ரெயிலின் உயரம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு அது. உங்கள் செட் 100. பார்க்க அழகு 83தான், ஆனால் பழைய சாமானில் மலிவாகக் குவிந்து கிடப்பது 100. அதிலேயே நில்லுங்கள்.

வாங்குகிற இடம் டிமோனியம். மேரிலாந்து ஸ்டேட் ஃபேர்கிரவுண்ட்ஸில் வருஷத்தில் சில தடவை ரயில் மாடல் சந்தை நடக்கும். நடக்கிற கட்டடத்தின் பெயரே கௌ பேலஸ், அதாவது மாட்டு அரண்மனை. நம்மூர் மாட்டுச் சந்தை போய் வந்தவருக்கு நான் என்ன சொல்லித்தர இருக்கிறது? சனிக்கிழமை காலையில் போனால் நல்ல சரக்கு, விலை இறங்காது. ஞாயிறு மதியத்துக்கு மேல் போனால் திரும்ப வேனில் ஏற்றச் சோம்பல்பட்டே கொடுத்துவிடுவான். மேஜைக்கு மேலே இருப்பதைப் பார்க்காதீர்கள், கீழே அட்டைப்பெட்டியில் இருப்பதைக் கிளறுங்கள்.

கையோடு ஒரு 9 வோல்ட் பேட்டரியும் இரண்டு துண்டு ஒயரும் எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண டிசி எஞ்சின் (தண்டவாளக் கரண்டில் நேரடியாக ஓடுவது) என்றால் இரண்டு பக்கச் சக்கரத்திலும் ஒயரை வைத்தால் மோட்டார் சுற்றும். சுற்றாவிட்டால் நடையைக் கட்டுங்கள். டிசிசி டிகோடர் (டிஜிட்டல் கட்டளையைக் கேட்டு ஓட்டும் சிப்) உள்ள எஞ்சினை இப்படிச் சோதிக்க முடியாது, அதை ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள்.

வேகன் என்றால் கப்ளரைப் பாருங்கள், அதுதான் வண்டியோடு வண்டியைக் கோக்கும் கொக்கி. பழையதில் கொம்பு மாதிரி வளைந்த பிளாஸ்டிக் கொக்கி இருக்கும், உங்கள் வண்டியோடு சேராது. அதற்காக விட்டுவிட வேண்டாம், அந்தக் குறையைக் காட்டியே விலையைக் குறையுங்கள். கேடீ கம்பெனியின் 5-ஆம் நம்பர் கப்ளர் வாங்கி வீட்டில் மாட்டிவிடலாம். பிளாஸ்டிக் சக்கரத்தையும் கழற்றி 33 அங்குலம் என்று விற்கும் உலோகச் சக்கரம் போடுங்கள் (அது அசல் வண்டிச் சக்கரத்தின் அளவு). பிளாஸ்டிக் சக்கரம் அழுக்கை இழுத்துத் தண்டவாளம் முழுக்கப் பூசும். நீலப் பெட்டியில் வரும் பழைய ஆத்தர்ன் கம்பெனி வேகன் கண்ணில் பட்டால் எடுங்கள், கனமாக, சொன்னபடி கேட்டு ஓடும்.

டிமோனியத்துக்குப் பக்கத்திலேயே காக்கிஸ்வில்லில் எம்.பி. கிளைன் ரயில் மாடல் கடை. 1913-இல் பால்டிமோரில் ஆரம்பித்தது, ஆன்லைனில் மாடல் ட்ரெயின் ஸ்டஃப் என்று விற்பது இவர்கள்தான். நேரே போய் எடுத்தால் ஷிப்பிங் இல்லை.

இனி அசையாதது. மலைக்கு, வீடு கட்டுகிறவர்கள் சுவருக்கு வைக்கும் இளஞ்சிவப்பு ஃபோம் பலகை. மணிமணியாக உதிரும் வெள்ளைத் தெர்மோகோல் வேண்டாம், வெட்டினால் வீடு முழுக்கப் பறக்கும். உங்கள் தெருவில் யாராவது பேஸ்மென்ட் வேலை பார்த்தால் துண்டுகளைச் சும்மாவே தருவார்கள். தண்ணீரில் கரையும் பெயிண்ட் மட்டும் அடியுங்கள். ஸ்ப்ரே பெயிண்ட் பட்டால் ஃபோம் உருகிப் பள்ளமாகிவிடும்.

மரத்துக்கு, செப்டம்பர் அக்டோபரில் சாலையோரம் மஞ்சளாகப் பூக்கிற கோல்டன்ராட். காய்ந்ததும் ஒடித்து வந்து, ஹேர்ஸ்ப்ரே அடித்து, பச்சைத் தூளைத் தூவினால் மரம். அந்தப் பச்சைத் தூள் பழைய சோபா ஸ்பாஞ்ச்தான். துண்டாக்கி மிக்ஸியில் அரைத்து, பெயிண்டில் பிசைந்து காய வையுங்கள். காட்டின் தரைக்கு, வடிகட்டின டீத்தூளை ஓவனில் மொறுமொறுவென்று காயவைத்துத் தூவலாம். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும்.

இங்கே எல்லிகாட் சிட்டியின் பழைய ஸ்டேஷனுக்குப் பையனை ஒருநாள் கூட்டி வாருங்கள். பால்டிமோர் அண்ட் ஒஹையோ ரயில்வே 1830-இல் முதலில் போட்ட 13 மைல் லைனின் கடைசி அது. அமெரிக்காவில் மிஞ்சியிருக்கும் ஸ்டேஷன்களில் மிகப் பழையது. கல்லின் நிறத்தைப் பார்த்துவிட்டு வந்து மலைக்குப் பெயிண்ட் அடிக்கலாம்.

டல்லாஸ்_முருகேசன்:

எல்லாரும் எச்ஓ பக்கமே பேசுகிறீர்கள். இடமும் காசும் குறைவு என்றால் 'என்' (N) கேஜ் என்ற சின்ன அளவுதான். 1:160, தண்டவாள அகலம் 9 மில்லிமீட்டர். எங்கள் குழுவில் டி-டிராக் செய்கிறோம்: 308 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு சின்னப் பலகை, மேலே கேட்டோ கம்பெனியின் யூனிட்ராக் தண்டவாளம். அவரவர் பலகையைக் காரில் கொண்டுவந்து ஒரு மேஜைமேல் கோத்தால் பெரிய லைன். மலையே ஒரு தெர்மோகோல் தட்டு அளவில் முடிந்துவிடும்.

கொலம்பியா_கீதா:

முருகேசன், பிளைவுட் வாங்கியாகிவிட்டது! பையனும் 'என்' (N) கேஜ் வண்டியைப் பார்த்தால் சின்னது என்று அழுவான்.

ஃபிட்டர் ஐயா, கோடி நன்றி. தண்டவாளத்தைத் திருப்பிப் பார்த்தேன், கறுப்புதான். இரண்டு சந்தேகம். என் மிக்ஸியில் ஸ்பாஞ்ச் அரைத்தால் நாளைக்குச் சட்னி அரைக்க முடியுமா? ஜல்லி பற்றி நீங்கள் சொல்லவே இல்லையே?

பொன்மலை_ஃபிட்டர்:

வேண்டவே வேண்டாம் அம்மா. குட்வில் கடையில் பழைய பிளெண்டர் கிடைக்கும், அதில் அரையுங்கள். தண்ணீர் விட்டு அரைத்தால் மோட்டார் திணறாது, தூளும் பறக்காது.

ஜல்லிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நம்மூர் ரயில் லைனில் போடும் ஜல்லி 50 மில்லிமீட்டர். எச்ஓ அளவுக்கு 87-ஆல் வகுத்தால் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். தோட்டச் சாமான் விற்கும் இடத்தில் பாதைக்கு அடியில் போடும் கல்தூள் மூட்டையாகக் கிடைக்கும். கழுவிக் காயவைத்து, மாவு சல்லடை, டீ வடிகட்டி என இரண்டு சலிப்பு. வடிகட்டியில் தங்குவது ஜல்லி, கீழே விழுவது ரோட்டுக்கு. பிறகு ஒரு காந்தத்தைக் கவரில் போட்டு, சலித்த ஜல்லிமேல் நன்றாக ஓட்டுங்கள். கல்தூளில் இரும்புப் பொடி இருந்தால் எஞ்சின் மோட்டாரின் காந்தம் அதை இழுத்துக்கொண்டு மாட்டிக்கொள்ளும்.

உலர்ந்த ஜல்லியைப் பிரஷ்ஷால் ஸ்லீப்பர் கட்டைகளுக்கு நடுவே பரப்பிவிட்டு, முதலில் ஆல்கஹால் கலந்த தண்ணீரை லேசாகத் தெளியுங்கள். அது ஊறினபிறகு வெள்ளைப் பசையும் தண்ணீரும் சரிபாதி கலந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். நனைக்காமல் பசை விட்டால் ஜல்லி உருண்டை கட்டும். இது பிளாஸ்டிக் அடிப்பாகம் இல்லாத தண்டவாளத்துக்கு. உங்களுடையதில் பக்கச் சரிவில் மட்டும் ஒட்டினால் போதும்.

எடிசன்_பாலா:

ஐயா சொல்வதில் ஒன்றை மட்டும் நான் ஏற்கமாட்டேன். வேலைக்குப் போகிற அம்மா ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கல்தூள் சலிக்க வேண்டுமா? முன்பக்கம் கண்ணில் படும் லைனுக்கு ஒரு பை ஜல்லி கடையில் வாங்குங்கள், பின்பக்கத்துக்குச் சலித்ததைப் போடுங்கள். மரமும் அப்படித்தான், முன்னால் நாலு நல்ல மரம் இருந்தால் பின்னால் என்ன நிற்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

பொன்மலை_ஃபிட்டர்:

பாலா தம்பி, சலிக்கிற வேலையைப் பையனிடம் கொடுத்தால் அவன் அதையே விளையாட்டாகச் செய்வான். ஆனால் மரத்தைப் பற்றிச் சொன்னது சரி.

கொலம்பியா_கீதா:

பையன் இப்போதே வடிகட்டியைத் தேடுகிறான். கடைசியாக ஒன்று: இரண்டு பாயிண்டையும் டிமோனியத்தில் பழசாகவே வாங்கிவிடலாமா?

பொன்மலை_ஃபிட்டர்:

பாயிண்ட் மட்டும் புதுசு. வண்டி தடம் புரளுவது பெரும்பாலும் அங்கேதான். பழசில் நாக்கு ரெயில் (வண்டியை ஒரு லைனிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் அசையும் ரெயில்) வளைந்திருக்கும், இடைவெளி தளர்ந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. சந்தையில் என்எம்ஆர்ஏ கேஜ் (ரயில் மாடல் சங்கத்தின் அளவு பார்க்கும் தகடு) என்று உள்ளங்கையில் அடங்கும் ஒரு தகடு விற்பார்கள். அதை வைத்துப் பார்த்துச் சரியாக உட்கார்ந்தால் பழசும் வாங்கலாம். தகடு கையில் இல்லாமல் வாங்காதீர்கள்.