மொனேயின் பெல்-ஈல் பாறைகள்: கறுப்பின்றிக் கனம் வந்தது எப்படி?

தூரிகை:
வணக்கம். பிரான்ஸின் பிரிட்டனி கரைக்கு அப்பாலுள்ள பெல்-ஈல் தீவின் பாறைகளை 1886-இல் பிரெஞ்சு ஓவியர் கிளோத் மொனே தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் அச்சுப்படியை உற்றுப் பார்த்தால் பாறைகளில் ஊதாவும் கருநீலமும் செம்பழுப்பும்தான் தெரிகின்றன; ஆயினும் சற்றுத் தள்ளி நின்று பார்க்கும்போது அவை கரும்பாறைகளாகவே எழுந்து நிற்கின்றன. கறுப்பின் துணையில்லாமல் இந்தக் கனம் எப்படிக் கிடைத்தது? வானத்தை மேலே ஒரு கீற்றாக ஒதுக்கியது ஏன்?

நீலவண்ணன்:
1905-இல் எழுதிய கடிதமொன்றில், ஈய வெள்ளை, காட்மியம் மஞ்சள், வெர்மிலியன் என்னும் பளிச்சென்ற சிவப்பு, மேடர் என்னும் ஆழ்ந்த சிவப்பு, கோபால்ட் நீலம், மரகதப் பச்சை ஆகியவையே தாம் பயன்படுத்தும் வண்ணங்கள் என்று மொனே குறிப்பிடுகிறார். அந்த வரிசையில் கறுப்பு இல்லை. நீலத்தையும் மேடர் சிவப்பையும் பச்சையையும் கலந்தாலே போதிய இருள் வந்துவிடும். அந்த இருளுக்குள் நிறம் உயிரோடு இருப்பதால், வானொளியும் கடலொளியும் நிழலில் பட்டுத் திரும்புவதை அது காட்டுகிறது. கறுப்பைக் கலந்திருந்தால் அந்த ஒளி அணைந்திருக்கும்.

கரையோரம்:
நிறத்தைவிடத் தூரிகையின் போக்கே கனத்திற்குக் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். பாறையில் வண்ணம் தடித்து, அதன் பிளவுகளின் திசையிலேயே செங்குத்தாகவும் சாய்வாகவும் இறங்குகிறது; நீரிலோ சிறு வளைகோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் புரள்கின்றன. இந்த இரண்டு அசைவுகளும் மோதுமிடத்தில், கோடு போட்டுப் பிரிக்காமலே பாறை நீரிலிருந்து விலகி நிற்கிறது. வானத்தைப் பொறுத்தவரை, மொனே ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுகளை விரும்பிச் சேகரித்தவர். தொடுவானத்தை உயர்த்தி வைக்கும் துணிவு அவற்றிலிருந்து வந்ததென்றே பலரும் கருதுகின்றனர். மேட்டில் நின்று கீழே நோக்கும் பார்வை அது. அதனால் ஓவியத் துணியின் பெரும்பகுதியைப் பாறைகளும் கடலுமே நிரப்பிவிடுகின்றன.

செம்மண்:
ஒரு சேர்க்கை. குறுகிய காலமே தங்கும் எண்ணத்துடன் செப்டம்பரில் அங்கே சென்ற மொனே, கெர்விலாவுவென் என்னும் சிற்றூரில் தங்கி, நவம்பர் வரை வரைந்தார். வானிலை நிமிடத்திற்கு நிமிடம் மாறியதால், ஒரே இடத்தைப் பல ஓவியத் துணிகளில் தீட்டத் தொடங்கி, ஒளிக்கேற்ப மாற்றி மாற்றித் தீட்டினார். ஆகவே ஒரே ஓவியத்தை வைத்து முடிவுக்கு வராமல், ஓர்சேயிலேயே உள்ள பெல்-ஈல் புயல் ஓவியத்தையும் மாஸ்கோவின் புஷ்கின் அருங்காட்சியகத்திலுள்ள பாறை ஓவியத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நீலவண்ணன் கூறும் நிழல் நிறங்கள் பொழுதுக்கேற்ப எவ்வளவு மாறுகின்றன என்பது அப்போது தெளிவாகும்.