ஆலய விரிவாக்கம்: பக்கச் சுவரை எடுத்து நீட்டுவதா, தனியாகப் புதிது கட்டுவதா?

கூடாரவாசி:

வணக்கம். எங்கள் ஆலயத்தைப் பெரிதாக்க சபை முடிவெடுத்துவிட்டது. பழைய கட்டிடம், தடித்த செங்கல் சுவர், இருபுறமும் சரிந்த உயரமான கூரை, உள்ளே மரச் சட்டம். பண்டிகை நாட்களில் பாதிப் பேர் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள், சாதாரண ஞாயிறுகளிலேயே தாமதமாக வருகிறவர்களுக்கு இடம் தேடிப் பிடித்து உட்கார வைக்க வேண்டியிருக்கிறது.

கமிட்டியில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, தெற்குப் பக்கச் சுவரை எடுத்துவிட்டு அந்தப் பக்கமாகவே நீட்டி, நடுவில் தூண் வைத்து ஒரே கூடமாக்கிவிடலாம் என்கிறது. இன்னொரு கட்சி, பழையதைத் தொடவே வேண்டாம், பக்கத்தில் காலியாகக் கிடக்கும் நிலத்தில் பெரிதாக ஒன்று கட்டிக்கொண்டு பழையதை ஞாயிறு பள்ளிக்கு விட்டுவிடலாம் என்கிறது. இதோடு வண்டி நிறுத்த இடம், கழிப்பறை, முதியவர்களுக்குச் சாய்தளம் எல்லாம் சேர்த்துச் செய்ய வேண்டும். சபையிலுள்ள ஒரு தம்பி இலவசமாக வரைபடம் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதில் தெற்குச் சுவருக்கு வெளியே வரிசையாக நிற்கும் முட்டுச்சுவர்களுக்குப் பக்கத்தில் "அலங்காரம், நீக்கலாம்" என்று குறித்திருக்கிறது. கட்டுமான நிதியில் தேவையானதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் பணம் இருக்கிறது, மீதிக்குப் பலர் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். அடிக்கல் நாட்டத் தேதி குறித்துவிடலாம் என்று போதகர் ஐயா அவசரப்படுகிறார். இந்த வேலையில் இருந்தவர்கள் சொல்லுங்கள், முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

செங்கல்மேடு:

முதல் வேலையாக அந்த வரைபடத்தை மடித்து உள்ளே வையுங்கள். தம்பி நல்ல மனதோடு செய்திருக்கிறார், அதில் சந்தேகமில்லை, ஆனால் முட்டுச்சுவரை அலங்காரம் என்று எழுதியவர் கூரைக்குள் ஏறிப் பார்க்கவில்லை.

சரிவுக் கூரை தன் எடையை நேராகக் கீழே மட்டும் இறக்காது, சுவரின் தலையை வெளிப்பக்கமாகவும் தள்ளும். இரண்டு சரிவுகளின் அடிப்பாதங்களையும் சுவர் மட்டத்திலேயே குறுக்கே ஒரு சட்டம் இழுத்துப் பிடித்திருந்தால் அந்தத் தள்ளல் அங்கேயே அடங்கிவிடும். பழைய ஆலயங்கள் பலவற்றில் கூடம் உயரமாகத் தெரியட்டும் என்று அந்தக் குறுக்குச் சட்டத்தைப் பாதி உயரத்துக்கு ஏற்றி வைத்திருப்பார்கள், சிலவற்றில் அது இருக்கவே இருக்காது. அப்படியானால் தள்ளலின் பெரும்பகுதியைச் சுவர்தான் வாங்குகிறது, சுவர் சாயாமல் வெளியே நின்று தாங்குவது அந்த முட்டுச்சுவர்கள். அவற்றை எடுத்த அன்றே ஒன்றும் ஆகாமல் போகலாம், அதுதான் பெரிய ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர் வெளியே சாயும், கூரையின் முகடு இறங்கும், பூச்சில் விரிசல் தெரியும், யாரோ ஒருவர் அதன்மேல் வெள்ளையடித்துவிட்டுப் போவார்.

ஆகவே டார்ச்சோடு மேலே ஏறி, குறுக்குச் சட்டம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். வெளியே இரண்டு முட்டுச்சுவர்களுக்கு நடுவில் சுவரின் உச்சியிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, மேலேயும் கீழேயும் நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரு சுத்தியலும் வேண்டாம், செலவும் இல்லை.

அப்புறம் அஸ்திவாரம். பழைய கட்டிடத்துக்கு வரைபடம் இருக்காது, இருந்தாலும் நம்பக் கூடாது. சுவரை ஒட்டி இரண்டு மூன்று இடங்களில் சிறு சோதனைக் குழி தோண்டினால் அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம், எந்த மண்ணில் உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். நீள நெடுகப் பரவியிருந்த சுவரின் பாரத்தை நாலு தூண்மேல் ஏற்றினால் அந்தத் தூண்களின் அடியில் அவ்வளவு பாரமும் ஒரே புள்ளியில் இறங்கும், அதற்குப் பழைய அஸ்திவாரம் போதாது. புதுப் பகுதிக்கு அஸ்திவாரக் குழி தோண்டும்போது பழைய அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே ஒரேயடியாக நீளமாகத் தோண்டிவிடாதீர்கள். தோண்டித்தான் ஆக வேண்டுமென்றால் ஒரு மீட்டர் சுமார் நீளத் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்றாக எடுத்து, அடியில் கான்கிரீட் கொடுத்து, அது இறுகிய பிறகு அடுத்ததைத் தொட வேண்டும்.

எந்தப் பக்கம் கட்டினாலும் சரி, பழையதையும் புதியதையும் கம்பி போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள். பழையது எப்போதோ இறங்க வேண்டியதெல்லாம் இறங்கி முடித்துவிட்டது, புதியது இனிமேல்தான் இறங்கும். இரண்டையும் பிணைத்தால் பிணைத்த இடத்தில் கிழியும். நடுவில் ஓர் அங்குலம் போல இடைவெளி விட்டு, அமுங்கக்கூடிய பொருளால் அடைத்து, மேலே தகடு போட்டு மூடுங்கள். சரியான அளவைக் கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும். இலவசம் வேண்டாம், கட்டணம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். இலவசமாகச் செய்தவரிடம் பிறகு கேள்வி கேட்க யாருக்கும் வாய் வராது.

இன்னொன்று, பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியதாக இருந்தால், புதுசோடு ஒரே மாதிரித் தெரிய வேண்டுமென்று அதன்மேல் சிமெண்ட் பூசிவிடாதீர்கள். உள்ளே ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லையே பொடியாக்கும்.

ஒற்றைத்தாள்:

எல்லாம் சரி, வாரத்தில் இரண்டு மணி நேரம் உட்காருவதற்கு இவ்வளவு பெரிய கட்டிடம் எதற்கு? இரண்டாவது ஆராதனை வைத்தால் அதே இருக்கையில் இரண்டு மடங்கு ஆட்கள். ஒரு செங்கல் வேண்டாம்.

கூடாரவாசி:

ஒற்றைத்தாள், அதையும் பேசினோம். சபை காலைக் கூட்டம், மாலைக் கூட்டம் என்று இரண்டாகப் பிரிந்துவிடும், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் போகும் என்று மூத்தவர்கள் பயப்படுகிறார்கள். பாடகர் குழுவும் இரண்டு முறை பாடத் தயாரில்லை. முடியாது என்று யாரும் முடிவாகச் சொல்லவில்லை.

காணிக்கைப்பெட்டி:

சபைப் பொருளாளராக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒற்றைத்தாள் எரிச்சலாகக் கேட்டாலும் கேள்வி நியாயமானது. கட்டும் காலத்தில் எப்படியும் உங்களுக்கு இடம் குறையும், அப்போது இரண்டாவது ஆராதனை வைத்தே தீர வேண்டும். அதை இப்போதே சில மாதம் நடத்திப் பாருங்கள். உண்மையிலேயே தட்டுப்பாடு இருக்கைக்கா, வண்டி நிறுத்தவா, பிள்ளைகளுக்கு அறை இல்லாததா என்று அதில் தெரிந்துவிடும். இருக்கையில் 80 சதவீதம் நிறைந்தாலே வருகிறவர் கண்ணுக்கு இடமில்லாத மாதிரித்தான் தெரியும் என்று சபைக் கட்டிடம் திட்டமிடுபவர்கள் வழக்கமாகச் சொல்வார்கள். வெளியே நிற்பவர்கள் உள்ளே இடமில்லாமல் நிற்கிறார்களா, நடு வரிசைக்குப் போகக் கூச்சப்பட்டு நிற்கிறார்களா என்று ஒரு மாதம் எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பணத்தைப் பற்றி. வாக்குக் கொடுத்த தொகையைக் கையிலிருக்கும் தொகையாக எண்ணாதீர்கள். வேலை மாறும், ஊர் மாறும், மனசும் மாறும். பழைய கட்டிடத்தைத் தொடும் வேலையில் மதிப்பீட்டுக்கு மேல் 15 முதல் 20 சதவீதம் எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்குவது நல்லது, காலி நிலத்தில் புதிதாகக் கட்டினால் 10 சதவீதம் போல. ஏனென்றால் பழைய சுவரைப் பிரித்தால் உள்ளே என்ன இருக்குமென்று பிரிக்கும்வரை யாருக்கும் தெரியாது. கட்டுமான நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு, மாதம் ஒருமுறை வரவு செலவு அறிவிப்புப் பலகையில். ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு தவணையிலும் 5 அல்லது 10 சதவீதத்தைப் பிடித்து வைத்து, வேலை முடிந்து ஒரு மழைக்காலம் போன பிறகு விடுவிப்பது என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஒழுகுகிறதா இல்லையா என்பதை மழைதான் சொல்லும்.

பணம் பாதிதான் இருக்கிறதென்றால் கட்டம் கட்டமாகச் செய்யுங்கள், ஆனால் ஒவ்வொரு கட்டமும் தனியாகவே பயன்பட வேண்டும். ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தை 1248-இல் தொடங்கினார்கள். 1322-இல் பீடப் பகுதி முடிந்ததும் அதற்குக் குறுக்கே ஒரு சுவரை எழுப்பி அடைத்து, அதற்குள் வழிபடத் தொடங்கிவிட்டார்கள். மீதி 1880-இல்தான் முடிந்தது. நடுவில் நூற்றாண்டுக் கணக்கில் வேலையே நடக்கவில்லை, ஆனாலும் ஆராதனைக்கு இடம் இருந்தது. இத்தாலியின் சியெனாவில் 1339-இல் ஏற்கெனவே இருந்த பேராலயத்தையே சிலுவை வடிவத்தின் குறுக்குக் கையாக்கிக்கொண்டு அதைவிடப் பெரிதாக ஒரு கூடம் கட்டத் துணிந்தார்கள். 1348-இல் கொள்ளைநோய் வந்தது, ஆளும் பணமும் போயிற்று, கட்டிய பகுதியிலும் கோளாறு தெரிந்தது, விட்டுவிட்டார்கள். கூரையில்லாத அந்த முகப்புச் சுவர் இன்றும் நிற்கிறது, சுற்றுலா வருகிறவர்கள் அதன்மேல் ஏறி ஊரைப் பார்க்கிறார்கள். போதகர் ஐயாவிடம் இந்த இரண்டையும் சொல்லுங்கள், தேதி தானாகத் தள்ளிப்போகும்.

மைக்செட்:

எல்லாரும் செங்கல்லையே பேசுகிறீர்கள். கூடத்தைப் பக்கவாட்டில் அகலமாக்கினால் உள்ளே காற்றின் கன அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். சுவர் கடினம், தரை கடினம், கூரை உயரம், ஓசையை உறிஞ்ச உள்ளே ஒன்றும் இல்லை. பிரசங்கம் முழுக்கக் குழறும். பேச்சு தெளிவாக வேண்டுமென்றால் எதிரொலிப்பு ஒரு விநாடிக்குப் பக்கத்தில் அடங்க வேண்டும், பாடகர் குழுவுக்கும் ஆர்கனுக்கும் 2 விநாடியோ அதற்கு மேலோ இருந்தால்தான் இனிமை. இரண்டும் ஒரே கூடத்தில் வேண்டும் என்பதால் எங்கேயாவது நடுவில் நிற்க வேண்டும், எங்கே என்பதை வரைபடம் போடும்போதே முடிவு செய்ய வேண்டும். கட்டி முடித்த பிறகு ஸ்பீக்கரைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும்.

1895-இல் ஹார்வர்டில் ஒரு விரிவுரை அறை இப்படித்தான் பயனில்லாமல் கிடந்தது, ஒரு சொல் அடங்க 5 விநாடிக்கு மேல் ஆயிற்று. வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து, எத்தனை மெத்தை வைத்தால் ஓசை எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று அளந்துதான் கணக்கைக் கண்டுபிடித்தார். கன அளவை 0.161 ஆல் பெருக்கி, உள்ளே ஓசையை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் விநாடி கிடைக்கும், எல்லாம் மீட்டர் கணக்கில். உங்கள் பொறியாளரிடம் இதைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஆட்கள் நிறைந்த கூடத்துக்கும் வெறும் கூடத்துக்கும் தனித்தனியாகப் போட வேண்டும், ஏனென்றால் மனிதர்களே நல்ல உறிஞ்சிகள்.

மரத்தடி:

வளாகத்தைப் பற்றி நான். காலி நிலம் என்று எழுதியிருக்கிறீர்கள், அது உண்மையிலேயே காலியா? பழைய ஆலய வளாகங்களில் அடையாளக் கல் இல்லாத கல்லறைகள் இருக்கும். அடக்கப் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து பாருங்கள், சந்தேகம் இருந்தால் மண்ணுக்குள் ரேடார் விட்டுப் பார்க்கும் முறை இருக்கிறது. எலும்பு கிடைத்த பிறகு அனுமதி, குடும்பங்கள், மறு அடக்கம் என்று வேலை அப்படியே நிற்கும்.

வண்டி நிறுத்த ஒரு காருக்கு, திரும்பும் வழியையும் சேர்த்து 25 முதல் 30 சதுர மீட்டர் போகும். கமிட்டிகள் காரின் அளவை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு அப்புறம் முழிக்கும். அவ்வளவு இடத்தையும் கான்கிரீட் போட்டு மூடினால் இதுவரை மண் குடித்த மழைநீர் எல்லாம் சரிவு பார்த்து ஓடும், சரிவு பழைய சுவரின் பக்கம் இருந்தால் செங்கல்மேடு சொன்ன அஸ்திவாரத்துக்குத்தான் வரும். நீர் இறங்கும் கற்களைப் பதியுங்கள், கட்டிடத்தை விட்டு வெளியே வாட்டம் கொடுங்கள். பெரிய மரம் இருந்தால் அதன் கிளை பரவிய வட்டத்துக்குள் தோண்டவும் வேண்டாம், சிமெண்ட் மூட்டை அடுக்கவும் வேண்டாம். சாய்தளம் ஓர் அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம், அதற்குக் குறைத்தால் சக்கர நாற்காலியைப் பின்னால் ஒருவர் தள்ளித்தான் ஏற்ற வேண்டியிருக்கும். கதவுகள் வெளிப்பக்கம் திறக்கட்டும், ஒன்றுக்கொன்று தள்ளி இரண்டு வழியாவது இருக்கட்டும்.

கூடாரவாசி:

எல்லோருக்கும் நன்றி. செங்கல்மேடு ஐயா, நேற்று மேலே ஏறிப் பார்த்தோம். குறுக்குச் சட்டம் பாதி உயரத்தில்தான் இருக்கிறது. தூக்குக்குண்டும் விட்டோம், தெற்குச் சுவரின் தலை ஏற்கெனவே கொஞ்சம் வெளியே போயிருக்கிறது. வரைபடம் போட்ட தம்பியும் கூடவே வந்தார், பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அப்படியானால் பழைய ஆலயத்தைத் தொடவே கூடாதா?

செங்கல்மேடு:

தெற்கும் வடக்கும் வேண்டாம். வாசல் பக்கம் அகலவாக்கில் நிற்கும் முகப்புச் சுவரைப் பற்றி யாராவது யோசித்தீர்களா? உங்கள் கூரைச் சட்டங்கள் தெற்குச் சுவரிலிருந்து வடக்குச் சுவருக்குப் போகின்றன, முக்கோண உச்சி உள்ள முகப்புச் சுவரின்மேல் கூரையின் பாரம் அதிகம் இல்லை. அதில் பெரிதாகத் திறந்து கட்டிடத்தை நீளவாக்கில் நீட்டலாம். ஆனால் அந்தச் சுவர் நீளச் சுவர்களின் முனைகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, திறக்கும் இடத்தில் இரும்பிலோ கான்கிரீட்டிலோ ஒரு சட்டகம் நிறுத்திய பிறகே உடைக்க வேண்டும். முட்டுச்சுவர்களைத் தொட வேண்டியதே இல்லை. தெற்குச் சுவர் இன்னும் நகர்கிறதா, எப்போதோ நகர்ந்து நின்றுவிட்டதா என்பது தனிக் கேள்வி. விரிசல்களின் குறுக்கே கண்ணாடித் துண்டோ அளவுத் தகடோ ஒட்டி, தேதி போட்டு, ஒரு வருஷம் பார்க்க வேண்டும். அடிக்கல் அதுவரை பொறுக்கட்டும். தம்பியை விட்டுவிடாதீர்கள், இனி அவர்தான் கூர்ந்து பார்ப்பார், அந்த அளவை எழுதும் வேலையை அவரிடமே கொடுங்கள்.

மைக்செட்:

நீளமாக்கினால் எனக்கும் சந்தோஷம். பீடத்திலிருந்து 20 மீட்டர் தள்ளி உட்காருகிறவருக்குக் குரல் போய்ச் சேர 60 மில்லி விநாடிக்குக் கொஞ்சம் கீழே ஆகும். பின்னால் ஒரு ஸ்பீக்கரை வைத்து அதை அதே அளவு தாமதிக்கவிட்டால் இரட்டைக் குரல் கேட்காது. தாமதிக்காமல் விட்டால் பின்வரிசைக்காரர் ஒவ்வொரு வசனத்தையும் இரண்டு முறை கேட்பார். ஒயர் போகக் குழாயைப் பூச்சு வேலைக்கு முன்பே சுவரில் வைத்துவிடச் சொல்லுங்கள்.

ஒற்றைத்தாள்:

ஒரு வருஷம் எப்படியும் காத்திருக்கப் போகிறீர்கள், அந்த வருஷம் இரண்டாவது ஆராதனையை நடத்துங்கள்.

கூடாரவாசி:

ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் இரண்டையும் வைக்கிறேன். சோதனைக் குழிக்கு மட்டும் இப்போதே அனுமதி கேட்கலாம் என்று நினைக்கிறேன், எந்த இடத்தில் தோண்டுவது?

செங்கல்மேடு:

முகப்புச் சுவருக்கு வெளியே நடுவில் ஒன்று, மூலையில் ஒன்று, சாய்ந்த தெற்குச் சுவரின் ஓரம் ஒன்று. மழை பெய்த மறுநாள் தோண்ட வேண்டாம். அதற்கு முன் மரத்தடி சொன்ன பதிவேட்டைப் பார்த்துவிடுங்கள். குழிக்குள் அளவுகோலை நிறுத்தி வைத்துப் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.