வெளியான பிறகு படத்தைக் குறைப்பதால் யாருக்கு நன்மை?

கேள்வி – மாலைக்காட்சி

2024, 2025 ஆம் ஆண்டுகளில் வந்த தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றை நான் திரையரங்கிலேயே பார்த்திருக்கிறேன். அவற்றைப் பற்றி யாரிடம் பேசினாலும் ‘படம் நீளம்’ என்ற குறைதான் முதலில் வருகிறது. அதைக் கேட்டவுடன் தயாரிப்புத் தரப்பும் கத்தரியைக் கையில் எடுத்துவிடுகிறது. 2024 ஜூலையில் வந்த ‘இந்தியன் 2’, செப்டம்பரில் வந்த ‘மெய்யழகன்’, நவம்பரில் வந்த ‘கங்குவா’ ஆகிய மூன்றுமே வெளியான சில நாட்களில் குறைக்கப்பட்டன. முதலாவதிலும் மூன்றாவதிலும் ஏறத்தாழ 12 நிமிடங்கள் போயின. ‘மெய்யழகன்’ படத்தில் ஏறத்தாழ 18 நிமிடங்கள் போயின.

இந்த மூன்றுக்கும் ஒரே வைத்தியம் பொருந்தும் என்று என்னால் ஏற்க முடியவில்லை. ‘மெய்யழகன்’ படத்தில், சொந்த வீட்டை இழந்து தஞ்சாவூரை விட்டுச் சென்னைக்குப் போன ஒருவர், இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஒரு திருமணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். அங்கே ஒரு உறவினன் அவரை அன்பால் திணறடிக்கிறான். அவருக்கோ அவன் பெயர்கூட நினைவுக்கு வரவில்லை. பெரிய திருப்பம் எதுவும் இல்லாத இந்தக் கதையில், பெயர் தெரியாமல் பேசிக்கொண்டிருக்கும் அந்தச் சங்கடமும், போகப் போக அது குற்றவுணர்வாக மாறுவதும்தான் நாடகம். பேச்சு நீள நீளத்தான் அவருடைய தவிப்பு நமக்கும் தொற்றுகிறது. அதைக் கடிகாரத்தை வைத்து அளப்பது எனக்கு அநியாயமாகப் படுகிறது. ‘இந்தியன் 2’ எனக்கு அலுப்பூட்டியது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு காட்சியும் அடுத்த காட்சிக்குக் காரணமாக அமையாமல் தனித்தனியே நின்றதால் வந்த அலுப்பு அது. பன்னிரண்டு நிமிடங்களை எடுத்தாலும் அந்தத் தொடர்பின்மை அப்படியே இருக்கும்.

உங்களிடம் கேட்க விரும்புவது இதுதான்: திரையரங்கில் உங்களைக் களைப்படையச் செய்வது உண்மையிலேயே நீளம்தானா? இரண்டு வடிவங்களையும் பார்த்தவர்கள் இருந்தால், குறைத்ததால் படம் மேம்பட்டதா என்றும் சொல்லுங்கள்.

மறுமொழி – ஒலிமானி

நான் ஒலியிலிருந்து தொடங்குகிறேன். மூன்று மணி நேரம் உட்கார முடியவில்லை என்று சொல்பவர்களில் பலருக்கு முதலில் களைத்துப்போவது காதுதான் என்பது திரையரங்க ஒலியமைப்பில் பணியாற்றும் என் கருத்து.

‘கங்குவா’ வெளியானபோது இரைச்சல் தாங்கவில்லை என்ற புகார் பரவலாக எழுந்தது. ஒலியளவை இரண்டு புள்ளிகள் குறைக்கும்படி தயாரிப்பாளரே திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டார். அந்த இரண்டு புள்ளிகள் என்னவென்று சொல்கிறேன். திரையரங்க ஒலிக்கருவியில் 0 முதல் 10 வரை ஓர் அளவுகோல் உண்டு. ஒலிக்கலவை செய்யும் கூடத்திலும் அரங்கிலும் 7 என்ற நிலையே பொது அளவாகக் கொள்ளப்படுகிறது. அந்த நிலையில் திரைக்குப் பின்னுள்ள ஒவ்வொரு ஒலிபெருக்கியும் சோதனை ஒலிக்கு 85 டெசிபல் தரும்படி சீரமைக்கப்பட வேண்டும். அந்தப் பகுதியில் ஒரு புள்ளி என்பது ஏறத்தாழ 3.3 டெசிபல், ஆகவே இரண்டு புள்ளிகளைக் குறைத்தால் ஆறரை டெசிபலுக்குச் சற்று மேல் குறையும். இது காதுக்கு நன்றாகவே தெரியும் வேறுபாடு.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. குமிழைத் திருப்பினால் வெடிச்சத்தம் மட்டும் குறைவதில்லை, வசனமும் சேர்ந்தே தாழ்கிறது. ஒரு படத்துக்காகக் குறைத்த அளவை அடுத்த படத்துக்கு மாற்றி வைக்க மறந்துவிடும் அரங்குகளும் உண்டு. அங்கே மென்மையாகக் கலவை செய்யப்பட்ட ஒரு நல்ல படம் வந்தால் பாத்திரங்கள் முணுமுணுப்பது போலிருக்கும். ரசிகர் அதை ‘மெதுவாகப் போகிறது’ என்று உணர்வார். இதற்கு அஞ்சியே அடுத்த படத்தின் ஒலிக்கலவையை இன்னும் உரக்க வைத்துவிடுகிறார்கள். இந்தப் போட்டி நிற்காதவரை நீளத்தைக் குறைத்துப் பயனில்லை.

இதற்கு நேர்மாறான அனுபவம் ‘கொட்டுக்காளி’. 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியான அந்தப் படத்தில் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோவின் இரைச்சல், சேவலின் சத்தம், அன்னா பென் ஏற்ற பாத்திரத்தின் பிடிவாதமான மௌனம் ஆகியவை மட்டுமே காதில் விழுகின்றன. அந்த மௌனத்தை நூறு பேருடன் இருட்டில் உட்கார்ந்து கேட்பதற்கும், வீட்டில் மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே கேட்பதற்கும் உள்ள தொலைவு மிகப் பெரியது. அதைத் திரையரங்கில் வெளியிட்டிருக்கவே கூடாது என்ற கருத்து திரைத்துறைக்குள்ளேயே எழுந்ததை வருத்தத்துடன் கவனித்தேன். திரையரங்கு யாருக்காக இருக்கிறது என்றால், முதலில் இத்தகைய படங்களுக்காகத்தான் என்பேன்.

மறுமொழி – நடுவரிசை

‘மெய்யழகன்’ படத்தின் இரண்டு வடிவங்களையும் பார்த்தேன். குறைத்த வடிவம் இலகுவாக நகர்கிறது. இரண்டாம் பாதியில் எழுந்து வெளியே போனவர்களும் குறைவாகவே இருந்தார்கள். ஆனாலும் அந்த இருவரும் பேசிக் கழிக்கும் இரவு எனக்குச் சீக்கிரமே விடிந்துவிட்டது. முதல் வடிவத்தின் பக்கமே நிற்பேன்.

அதே வேளையில், ரசிகரையே குறை சொல்வதையும் நான் ஏற்கவில்லை. ‘மெய்யழகன்’ வருவதற்கு ஒரு வாரம் முன்பு வந்த ‘லப்பர் பந்து’ படத்தை யாரும் நீளம் என்று சொல்லிக் கேட்கவில்லை. மட்டையாளருக்கும் பந்துவீச்சாளருக்கும் இடையிலான வீம்பு ஒருபுறம், அந்தப் பந்துவீச்சாளர் காதலிப்பது அந்த மட்டையாளரின் மகளையே என்பது மறுபுறம். ஒவ்வொரு ஆட்டமும் வீட்டுக்குள் ஒரு விளைவை உண்டாக்குவதால் பார்ப்பவர் கைப்பேசியைத் தேடுவதில்லை. 2025 மே 1 அன்று வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யும் அப்படித்தான், இலங்கையிலிருந்து வரும் குடும்பத்தை நம்பியே படம் போகிறது. பொறுமை இல்லாத ரசிகர்கள் என்றால் இந்த இரண்டும் ஓடியிருக்காது.

மறுமொழி – வெட்டும் ஒட்டும்

படத்தொகுப்பில் உதவியாளனாக இருப்பவன் என்ற முறையில் சில செய்திகளைச் சேர்க்கிறேன். தணிக்கைச் சான்றிதழ் பெற்ற படத்தில் எதை நீக்கினாலும் வாரியத்துக்குத் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும். பிறகு டிஜிட்டல் பிரதியைப் புதிதாக உருவாக்கி எல்லா அரங்குகளுக்கும் அனுப்ப வேண்டும். இவ்வளவும் இரண்டு மூன்று நாட்களில் நடப்பதால், எங்கே வெட்டினால் இசை முறியாதோ அங்கே வெட்டுகிறோமே தவிர, எங்கே வெட்டினால் கதை இறுகுமோ அங்கே வெட்டுவதற்கு அவகாசம் கிடைப்பதில்லை.

‘மகாராஜா’வை எண்ணிப் பாருங்கள். ‘லட்சுமி’ என்று அவர் அழைக்கும் குப்பைத்தொட்டி காணாமல்போன கதையை நாயகன் காவல் நிலையத்தில் மீண்டும் மீண்டும் சொல்கிறார். அவசரமாகக் குறைக்கச் சொன்னால் எவரும் முதலில் கைவைப்பது அந்த மறுபடிச் சொல்லுதலில்தான். ஆனால் படத்தின் பிற்பகுதி முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

குறைப்பதற்கு வணிகக் காரணமும் உண்டு. தமிழ்நாட்டில் நாளொன்றுக்கு நான்கு காட்சிகள் என்பதே வழக்கம். சிறப்பு அனுமதி கிடைத்தால் ஐந்து. மூன்று மணி நேரப் படத்துடன் இடைவேளையும் விளம்பரங்களும் சேர்ந்தால் ஒரு காட்சி முடிவதற்கும் அடுத்தது தொடங்குவதற்கும் இடையே அரங்கைக் கூட்டுவதற்குக்கூட நேரம் இருக்காது. இது முன்பே தெரிந்த கணக்கு என்பதால், வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்பே பொதுப் பார்வையாளர்களுக்குத் திரையிட்டு நீளத்தை முடிவு செய்துவிடலாம். முதல் மூன்று நாட்களில் பணம் கொடுத்து வருபவர்களைச் சோதனைக்கு உட்படுத்துவது முறையல்ல.

மறுமொழி – மாலைக்காட்சி

அனைவருக்கும் நன்றி. ஒலிமானி சொன்னதைப் படித்த பிறகு ஒரு துணைக்கேள்வி: வசனம் சரியாகக் கேட்காதபோது, பார்வையாளர் அங்கேயே செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

மறுமொழி – ஒலிமானி

உண்டு. முன்பதிவின்போதே, திரையிலிருந்து அரங்கின் மூன்றில் இரண்டு பங்கு தொலைவில், நடுப்பகுதியில் இருக்கை கிடைக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான அரங்குகளில் ஒலி அங்கேதான் சமநிலையில் இருக்கும். படம் தொடங்கிய முதல் பத்து நிமிடங்களிலும் வசனம் தெளியவில்லை என்றால் இடைவேளைவரை காத்திருக்காமல் வெளியே வந்து மேலாளரிடம் சொல்லுங்கள். ‘சத்தம் போதவில்லை’ என்று பொதுவாகச் சொன்னால் எல்லாவற்றையும் உயர்த்திவிடுவார்கள். ‘இசை கேட்கிறது, பேச்சு கேட்கவில்லை’ என்று சொன்னால், பேச்சு வரும் திரையின் நடு ஒலிபெருக்கியைச் சோதிக்க வேண்டும் என்பது அவர்களுக்குப் புரியும்.