பெல்ஜியத்தில் சைக்ளோகிராஸ் பந்தயம்: தங்கைக்குத் தங்குமிடமும் துணையும் தேவை

குழு அன்பர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரில் வளர்ந்த என் தங்கை, சைக்ளோகிராஸ் பருவத்தின் தொடக்கப் பந்தயங்களில் போட்டியிட அக்டோபரில் பெல்ஜியம் செல்கிறாள். சேறும் மணலும் புல்மேடுமான சுற்றுப்பாதையைத் திரும்பத் திரும்பக் கடந்து, 40 செ.மீ. உயரம் வரையிலான தடுப்புப் பலகைகளைத் தாண்டி, செங்குத்தான மேடுகளில் சைக்கிளைத் தோளில் சுமந்தபடி ஓட வேண்டிய கடினமான விளையாட்டு இது. சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவிலுள்ள கேத்தாம் சைக்கிள் பூங்காவில் விடாமல் பயிற்சி செய்து, சைக்கிள் சட்டம் அழுத்தும் தோள்பட்டையில் அவளுக்குத் தோல் காய்த்தே போய்விட்டது. ஆனாலும் ஐரோப்பாவின் குளிர்ந்த, கனத்த சேற்றில், 33 மி.மீ. அகல டயரில் காற்றை எவ்வளவு குறைப்பது என்பதை அங்கே ஓட்டித்தான் பழக முடியும்.

கெண்ட் அல்லது ஊடெனார்டு பக்கம் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களை அறிந்தவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். வாடகை தருகிறோம், சைக்கிள் கழுவ வெளியே ஒரு தண்ணீர்க் குழாய் மட்டும் அவசியம்.

அதைவிட முக்கியமானது பந்தய நாள் துணை. சேறு அப்பிய சைக்கிளை அவள் பாதையோரம் சைக்கிள் மாற்றும் இடத்தில் கொடுத்து மாற்று சைக்கிளில் கிளம்பியதும், அவள் மீண்டும் வருவதற்குள் அதைக் கழுவிச் சங்கிலிக்கு எண்ணெய் இட்டுத் தயாராக வைக்க ஒருவர் வேண்டும். அந்த ஆள் இல்லையென்றால் இரண்டாவது சைக்கிளைச் சுமந்து சென்றும் பயனில்லை. முன்னனுபவம் தேவையில்லை, முறையை அவளே சொல்லித் தருவாள்.

நவம்பர் 1 அன்று ஊடெனார்டு அருகே கொப்பென்பெர்க் மேட்டில் நடக்கும் சைக்ளோகிராஸ் பந்தயத்தை நேரில் பார்த்தவர்கள், ரயிலில் சைக்கிள் பெட்டியுடன் அங்கு செல்வது எளிதா என்றும் சொல்லுங்கள். விமானச் சீட்டு எடுக்கும் முன் தெரிந்தால் நல்லது.