தம்பிமாரா, மருமகனா? கல்குளத்து அரியணை யாருக்கு உரியது?

வேளிமலை:
ஒரு கற்பனைப் பேரரசை வைத்துத் தொடர்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அரசர் இறக்கிறார். மகன்கள் ஒரு பக்கம், சகோதரியின் மகன் மறுபக்கம், இடையில் பிரபுக்கள். தக்கலைப் பக்கம் பிறந்தவனுக்கு இதற்கு மாதிரி தேட எங்கும் போக வேண்டாம். கல்குளத்தைத் தலைநகராக வைத்து வேணாட்டை, அதாவது பிற்காலத் திருவிதாங்கூரை, ஆண்ட ராமவர்மா 1729-இல் இறந்தபோது இங்கே நடந்ததுதான் அது. சகோதரி வழி மருமகன் மார்த்தாண்ட வர்மா அரசரானார். மகன்கள் பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் எதிர்த்தார்கள், கொல்லப்பட்டார்கள். என் கதையில் அந்தத் தம்பிமார்தான், அதாவது அரசரின் மகன்கள்தான், நாயகர்கள். அப்பாவின் நாட்டைக் கேட்டது ஒரு குற்றமா? நம்ம ஊர் வில்லுப்பாட்டு இன்றைக்கும் அவர்களுக்காகத்தான் அழுகிறது. மறுப்பவர்கள் வரலாம்.

பாறசாலைக்காரி:
‘அப்பாவின் நாடு’ என்பதிலேயே இடிக்கிறது, தம்பி. மருமக்கத்தாயத்தில், அதாவது சகோதரியின் பிள்ளைகளுக்கு உரிமை போகும் முறையில், நாடு அப்பாவுடையதே இல்லை. ராமவர்மாவுக்கு அது அம்மா வழியில் வந்தது, அந்த வழியிலேயே போயாக வேண்டும். அரசரின் மனைவி அம்மச்சிதான், ராணி இல்லை. ராணி என்றால் ஆற்றிங்கலில் இருக்கும் சகோதரிமார். அம்மச்சியின் ஆண்பிள்ளைகளுக்குத் தம்பிப் பட்டமும் நிலமும் உண்டு, அரியணை கிடையாது. இது பிறக்கும்போதே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மார்த்தாண்ட வர்மா தனக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம் என்றும் வைத்துக்கொள்ளவில்லை. 1758-இல் அவர் இறந்ததும் பட்டம் மருமகன் தர்மராஜாவுக்குத்தான் போனது.

வேளிமலை:
சரி அக்கா, அந்த அம்மா வழி எத்தனை தடவை அறுந்தது? பெண்வாரிசு இல்லாத போதெல்லாம் வட கேரளத்துக் கோலத்துநாட்டு அரச குடும்பத்திலிருந்து தத்தெடுத்துத்தான் ஒட்டினார்கள். தத்தெடுத்த பெண்ணின் பிள்ளைக்கு உரிமை உண்டு, அரசர் மடியில் வளர்ந்த பிள்ளைக்கு இல்லை! நியாயம் கேட்கப் பப்புத் தம்பி திருச்சிராப்பள்ளி வரை போனார். அங்கிருந்து அழகப்ப முதலியார் என்ற அதிகாரி படையோடு வந்து விசாரித்தார். தம்பிக்கு உரிமை இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். மார்த்தாண்ட வர்மா தரப்பு அவருக்குப் பரிசு கொடுத்ததையும் திருவிதாங்கூர் வரலாறு எழுதியவர்களே சொல்கிறார்கள். பரிசு வாங்கியவர் சொன்னதை நான் எப்படித் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்வது?

கணியாகுளம்:
இரண்டு பேருமே பிரபுக்களை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். என்னைக் கேட்டால் முழுச் சண்டையும் அங்கேதான் இருக்கிறது. பத்மநாபசுவாமி கோயில் நிர்வாகம் எட்டரை யோகம் என்ற குழுவின் கையில் இருந்தது. அதில் அரசருக்கு அரை வாக்குதான். கோயில் நிலங்களில் வரி பிரித்தவர்கள் எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற பிரபுக்கள். அரசர் பலவீனமாக இருக்கும் வரை அவர்கள் பாடு கொண்டாட்டம். மார்த்தாண்ட வர்மா இளவரசராக இருந்தபோதே இந்த வரவுக்குக் குறுக்கே நின்றார். அதனால்தான் அவரைத் துரத்தித் துரத்திக் கொல்லப் பார்த்தார்கள். அவர் ஒளிந்திருந்ததாகச் சொல்லும் அம்மச்சிப் பிலாவு என்ற பலாமரம் நெய்யாற்றங்கரைக் கோயில் வளாகத்தில் இருக்கிறது, போனால் பாருங்கள். பிள்ளைமாருக்குத் தம்பிமார் மேல் பாசம் எதுவும் இல்லை. உரிமையே இல்லாத ஒருவரை அரியணையில் வைத்தால் அவர் கடைசி வரை தங்கள் தயவில்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. வேளிமலை, உங்கள் நாயகர்கள் ஜெயித்திருந்தால் ஆண்டிருப்பது அவர்கள் இல்லை.

வேளிமலை:
கணக்கு அவர்களுடையதாகவே இருக்கட்டும் அண்ணாச்சி. பிள்ளைமாரைக் கொன்ற பிறகு என்ன நடந்தது? வீடுகளை இடித்துக் குளம் தோண்டினார்கள். பெண்களையும் குழந்தைகளையும் கடற்கரை மீனவரிடம் பிடித்துக் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். அந்தக் குழந்தைகள் எந்த வரியைத் திருடினார்கள்?

குளச்சல் கரை:
குழந்தைகளைப் பற்றி நீங்கள் கேட்பது சரி. ஆனால் எங்களைப் போன்ற மீனவர் வீட்டில் வாழ்வதே தண்டனை என்பதுபோல இதை எல்லோரும் சொல்லிவிட்டுப் போகிறார்களே, அதை யாராவது யோசித்தீர்களா? கதையில் இதை எழுதினால் கரையில் இருந்தவர்களையும் மனிதர்களாக எழுதுங்கள்.

அப்புறம் ஒன்று. வாரிசுச் சண்டை தம்பிமாரோடு முடியவில்லை. கொட்டாரக்கரையில் இருந்த எளையிடத்து ஸ்வரூபம் என்ற சிற்றரசு இதே வம்சத்தின் கிளைதான். அதையும் மார்த்தாண்ட வர்மா எடுத்துக்கொண்டார். அங்கே உரிமை கேட்ட ராணியின் பக்கம் டச்சுக்காரர்கள் நின்றார்கள். அதன் முடிவு 1741 ஆகஸ்ட் 10, எங்கள் கரையில். குளச்சல் போரை நாம் வெள்ளைக்காரனைத் தோற்கடித்த போராகத்தான் நினைவு வைத்திருக்கிறோம். அதன் வேர் ஒரு குடும்பத்துப் பங்காளிச் சண்டையில் இருக்கிறது.

பாறசாலைக்காரி:
இதைத்தான் சொல்ல வந்தேன். கிளை கிளையாக உடைந்து கிடந்த வம்சத்தை ஒன்றாக்கியவர் அவர். 1750-இல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்து, தன்னைத் தாசன் என்று அறிவித்தார். அதற்கப்புறம் எந்தப் பிரபு எதிர்த்தாலும் சாமியை எதிர்த்ததாக ஆகிவிடும்! 1810-இல் மாவேலிக்கரைக் கேரளவர்மா பட்டத்துக்கு உரிமை கேட்டு நின்றார். ஆங்கிலேயக் கம்பெனியின் ரெசிடென்ட் கர்னல் மன்றோ விசாரித்து, கௌரி லட்சுமி பாயிக்குத்தான் உரிமை என்று சொன்னார். ஒரு பெண் ஆட்சிக்கு வந்தார், நாடு உடையவில்லை. 2020-இல் உச்ச நீதிமன்றம் கோயில் உரிமையைத் தீர்மானித்ததும் அந்தக் குடும்பத்து வழக்கப்படிதான். இந்த முறையைக் கதையில் வெறும் அநீதியாகக் காட்டினால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

வேளிமலை:
முறையை அநீதி என்று நான் எழுதப் போவதில்லை அக்கா. அந்த முறை மகனுக்கு என்ன செய்தது என்றுதான் எழுதப் போகிறேன். அரண்மனையில் அப்பாவோடு வளர்ந்தவன், அவர் கண்மூடிய அன்றே அங்கே அந்நியனாகிறான். அந்த வலி நிஜமானது, அதைத்தான் பிள்ளைமார் பயன்படுத்தினார்கள். கணியாகுளம் அண்ணாச்சி சொன்ன கணக்கை இரண்டாம் பாகத்தில் ஒரு பிரபுவின் வாயாலேயே சொல்ல வைக்கிறேன். விசாரணைக் காட்சியில் பரிசு நிச்சயம் இருக்கும், அதை எடுக்க மாட்டேன்.

கணியாகுளம்:
பரிசு இருக்கட்டும். ஆனால் பரிசே கொடுக்காமல் இருந்தாலும் தீர்ப்பு அதேதான் வந்திருக்கும் என்று அந்தக் காட்சியில் யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். அது இல்லையென்றால் நான் மறுபடியும் சண்டைக்கு வருவேன்.