கலைச்சொல் வேண்டல்: ஆளை இழுக்கும் சிறிய நீராவி எஞ்சின்

மடல் 1

அன்பர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் "லைவ் ஸ்டீம்" எனப்படும் துறைக்குத் தமிழ்ச்சொல் தேவை. ரயில் எஞ்சினை எட்டில் ஒரு பங்காகவோ பதினொன்றில் ஒரு பங்காகவோ சுருக்கிச் செய்து, உள்ளே நிலக்கரி எரித்து, பின்னால் பெட்டி கோத்து ஆட்களை ஏற்றி இழுப்பது இத்துறை. பிரிட்டனில் ஆளை இழுக்க 5 அங்குலம் (127 மி.மீ.), 7¼ அங்குலம் (184 மி.மீ.) ஆகிய தண்டவாள அகலங்களே அதிகம். வட அமெரிக்காவின் பெரும்பகுதியில் 7½ அங்குலம்.

என் மனத்தில் இருப்பவை மூன்று: உயிர் நீராவி, நீராவி ரயில் மாதிரி, நீராவிச் சிற்றுந்து. எது பொருந்தும்?

மடல் 2

> உயிர் நீராவி, நீராவி ரயில் மாதிரி, நீராவிச் சிற்றுந்து

மூன்றும் வேண்டாம் என்பேன். உயிரும் ஆவியும் அடுத்தடுத்து வந்தால் படிப்பவர் மனம் பேய்க்கதைக்குப் போய்விடும். சிற்றுந்து என்றால் மக்களுக்கு மினி பஸ்தான். "மாதிரி"தான் பெரிய சிக்கல். மாதிரி என்றால் பார்வைக்கு வைப்பது, உண்மையானதைப் போலிருப்பது. இந்த எஞ்சினின் வெளித்தோற்றம் மாதிரியாக இருக்கலாம், ஆனால் அதன் கொதிகலன் வெறும் மாதிரி அல்ல. அது முழுக்க முழுக்க ஓர் அழுத்தக்கலன். இந்த எஞ்சின்களின் விலை ஏன் இவ்வளவு அதிகம் என்று கேட்பவர்களுக்கும் விடை அங்கேதான் இருக்கிறது. ஆகவே சொல்லிலும் அது தெரிய வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 1:8 என்று சுருக்கினால் நீளம் எட்டில் ஒன்று, பரப்பு 64இல் ஒன்று, கனஅளவு 512இல் ஒன்று. 100 டன் எஞ்சின் ஏறக்குறைய 195 கிலோ ஆகிறது. கனஅளவோடு ஒப்பிட்டால் வெப்பம் வெளியேறும் பரப்பு எட்டு மடங்கு கூடிவிடுகிறது. நீரின் கொதிநிலையோ, கரி எரியும் விதமோ, புகைக்கரி துகளின் பருமனோ நமக்காகச் சுருங்குவதில்லை. பெரிய எஞ்சினில் நெருப்பின் சூட்டைக் கொதிகலன் நீருக்குள் கொண்டுசெல்லும் 2¼ அங்குலப் புகைக்குழாய்கள் நூற்றுக்கு மேல் இருக்கும். அதையும் எட்டில் ஒன்றாக்கினால் 7 மி.மீ. குழாய், சில சுற்றுகளிலேயே புகைக்கரி அடைத்து நெருப்பு மூச்சுமுட்டும். அதனால் எண்ணிக்கையைக் குறைத்து விட்டத்தைக் கூட்டுவார்கள். குழாயின் நீளத்தை உள்விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் (இரண்டும் அங்குலத்தில்) 50 முதல் 70க்குள் வர வேண்டும் என்பது கைவழக்கு. ஓரடி நீளக் குழாய்க்கு 7/16 அங்குல உள்விட்டம் என்றால் 63 வருகிறது, சரி.

சிறிய அளவில் கரி எரித்து ஆளை இழுக்க முடியாது, எரிசாராய விளக்கே போதும் என்ற கருத்து ஒருகாலத்தில் பிரிட்டனில் வலுவாக இருந்தது. 1920களில் எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் எழுதியவர் 2½ அங்குலப் பாதையில் பல குழாய்க் கொதிகலனோடு கரி எரித்து ஆளை இழுத்துக் காட்டினார். அந்த விவாதத்துக்குப் பெயரே "கொதிகலன் போர்". நாம் தேடும் சொல் அந்தப் போரில் வென்ற பக்கத்தைக் குறிப்பது.

என் முன்மொழிவு: மெய்ந்நீராவி. மெய் + நீராவி. மின்மோட்டார் வைத்துப் புகை மட்டும் விடும் எஞ்சினும், அழுத்தக் காற்றால் சக்கரம் சுழலும் காட்சிப்பொருளும் இதில் அடங்கா.

மடல் 3

மெய்ந்நீராவி நல்ல சொல். ஆனால் ஓர் எச்சரிக்கை. சர்க்கரை ஆலைகளில் "லைவ் ஸ்டீம்" என்றால் வேறு பொருள்: கொதிகலனிலிருந்து நேராக வரும், இன்னும் வேலை செய்யாத ஆவி. வேலை முடித்து வெளியேறுவது "எக்ஸாஸ்ட்". ரயில் எஞ்சினிலும் இதே பாகுபாடு உண்டு. கொதிகலனுக்கு நீர் ஏற்றும் இன்ஜெக்டரில் நேர் ஆவியால் இயங்குவது ஒரு வகை, கழிவாவியால் இயங்குவது இன்னொரு வகை. இரண்டு பொருளுக்கும் ஒரே தமிழ்ச்சொல்லை வைத்தால் கையேட்டில் குழப்பம் வரும். ஆலைப் பொருளுக்கு நேர்நீராவி, எதிர்ச்சொல் கழிநீராவி. பொழுதுபோக்குத் துறைக்கு மட்டும் மெய்ந்நீராவி. ஆங்கிலம் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பியதை நாம் பிரித்தே வைக்கலாம்.

மடல் 4 (யாழ்ப்பாணத்திலிருந்து)

வணக்கம். எங்கட பக்கம் புகையிரதம் எண்டுதான் பழக்கம், அதை இதுக்குள்ள திணிக்கக் கேட்கேல்லை. இப்பிடியான எஞ்சினைச் சிலர் "பெரிய அளவு மாதிரி" எண்டு எழுதீனம், அந்தத் தொடரைப் பற்றித்தான் சொல்ல வேணும். 1:8 பெரிய அளவுத்திட்டம், 1:87 சிறிய அளவுத்திட்டம். ஆனால் "பெரிய அளவு மாதிரி" எண்டு எழுதினால் வாசிக்கிற ஆள் பெரிய எஞ்சின் எண்டுதான் நினைப்பார். அந்தச் சொல்லைக் கைவிட்டு, பாதை அகலத்தைச் சொன்னால் போதும்: ஏழேகால் அங்குல மெய்ந்நீராவி எஞ்சின். இந்தத் துறையில இருக்கிறவையும் அப்பிடித்தானே சொல்லீனம்.

"மாதிரி"க்குப் பதில் சிற்றுரு எண்டு வைக்கலாம். பிள்ளைத்தமிழில் சிறுதேர்ப் பருவம் இருக்கிறதால சிறுதேர் எண்ட சொல்லும் மனதில் வந்தது. ஆனால் சிறுதேர் குழந்தை உருட்டுறது. இது ஆறேழு பெரியாக்களை மேட்டில இழுக்கிறது.

மடல் 2 எழுதியவரின் மறுமொழி

ஆறேழு என்பது கணக்கோடு ஒத்துப்போகிறது. 195 கிலோவில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 130 கிலோ, ஓட்டுச் சக்கரங்களின் மேல் இருக்கிறது. தண்டவாளப் பிடிமானம் அந்த எடையில் ஐந்தில் ஒன்று என்றால் இழுவிசை 26 கிலோ. உருளும் தடை எடையில் 1.5 சதவீதம், 80க்கு 1 மேட்டில் இன்னும் 1.25 சதவீதம். எஞ்சின், டெண்டர் (கரியும் நீரும் ஏற்றும் பெட்டி), ஓட்டுநர் சேர்ந்து 350 கிலோ என்றால் தன்னை ஏற்றிக்கொள்ளவே ஏறத்தாழ 10 கிலோ விசை போய்விடும். மீதி 16 கிலோவில், பெட்டியின் பங்கோடு தலைக்கு 100 கிலோ வைத்தால் ஆறு பேர். சமதளத்தில் 14 பேர். கையளவு நெருப்பு இவ்வளவு செய்கிறது. இத்துறையின் ஈர்ப்பு இதில்தான் இருக்கிறது, பளபளப்பில் இல்லை.

செலவையும் சொல்லிவிடுகிறேன், சொல்லின் பொருளோடு ஒட்டியது என்பதால். 5 அங்குலத்தில் கொதிகலன் பெரும்பாலும் செம்பு. 7¼ அங்குலத்தில் பற்றவைத்த எஃகும் வழக்கம். தொழில்முறையில் செய்த 5 அங்குலச் செம்புக் கொதிகலன் மட்டுமே பல ஆயிரம் பவுண்டு. 7¼ அங்குலத்தில் முடித்த பெரிய எஞ்சின் பல்லாயிரம். தானே செய்பவருக்குப் பணத்துக்குப் பதில் ஆயிரக்கணக்கான மணி நேரம்.

செம்புப் பலகைகளை 55 சதவீத வெள்ளி கலந்த பற்றாசால் (உருகி ஒட்டும் உலோகக் கலவை) இணைக்கிறார்கள். அது 630 முதல் 660 டிகிரி செல்சியசில் உருகும். வெள்ளி விலை ஏறினால் கொதிகலன் விலையும் ஏறும். செம்பு வெப்பத்தை ஓடவிடுவதால் ஒரு சுடர் போதாது, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டும். இடைவெளி 0.1 மி.மீ. அளவில் இருந்தால் பற்றாசு தானாக உள்ளே ஊறும். இறுக்கமாக இருந்தால் ஊறாது, வெளியே அழகாகத் தெரிந்து உள்ளே வெறுமையாக இருக்கும். சூடேற்ற நேரமானால் இளக்கி (பற்றாசு ஓட உதவப் பூசும் பொருள்) தீர்ந்து செம்பு கறுக்கும், அதன்பின் எவ்வளவு பற்றாசு ஊட்டினாலும் உருண்டு விழும். ஆறவைத்து, அமிலத்தில் கழுவி, மறுபடி தொடங்குவதே வழி. (பொற்கொல்லர் பட்டறையின் வெண்காரம் என்ற சொல்லை இங்கே எடுக்க ஆசைதான். ஆனால் இந்த இளக்கியில் ஃபுளோரைடும் உண்டு, எனவே இளக்கி என்ற பொதுச்சொல்லே பொருந்தும்.) திருகுப் பொருத்திகளைப் பித்தளையில் செய்யக் கூடாது. சூடான நீரில் துத்தநாகம் கரைந்து போய், திருகு பொடியாக உதிரும். வெண்கலமே வேண்டும்.

பிறகு சோதனை. பிரிட்டன் வழக்கில் புதுக் கொதிகலனை இயங்கழுத்தத்தின் இருமடங்குக்கு நீர் நிரப்பி அழுத்துவார்கள். இயங்குவது சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு என்றால் சோதனை 200. நீர் அதிகம் அமுங்காது. எங்காவது விட்டுப்போனால் கசியும், வெடிக்காது. அடுத்தது ஆவிச் சோதனை: நெருப்பை முழுதாக மூட்டி ஊதியையும் (நெருப்பைத் தூண்டும் ஆவித் தாரை) திறந்துவிட்டால்கூடப் பாதுகாப்பு வால்வு அழுத்தத்தை 110க்கு மேல் போகவிடக் கூடாது. இதற்குச் சான்றிதழ் இல்லாமல் பொதுமக்களை ஏற்றும் சங்கப் பாதைகளில் ஓட்ட விடமாட்டார்கள். இத்தனையும் கடந்து வரும் ஒன்றை மாதிரி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

மடல் 1 எழுதியவரின் மறுமொழி

தெளிவாயிற்று. மெய்ந்நீராவி, சிற்றுரு, நேர்நீராவி, கழிநீராவி நான்கையும் எடுத்துக்கொள்கிறேன். ஓர் ஐயம்: இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் 1927இல் திறந்த ரோம்னி, ஹைத் அண்டு டிம்சர்ச் ரயில்வே 15 அங்குலப் பாதை, எஞ்சின்கள் மூன்றில் ஒரு பங்கு. அவற்றையும் சிற்றுரு எனலாமா?

மடல் 3 எழுதியவர்

உருவத்தில் சிற்றுரு, பணியில் முழு ரயில்வே. அங்கே குறும்பாதை எஞ்சின் என்று எழுதுங்கள்.

இன்ஜெக்டருக்கான சொல் இன்னும் முடிவாகவில்லை. உட்செலுத்தி என்றால் டீசல் எஞ்சினின் எரிபொருள் உட்செலுத்தியோடு மோதும். இங்கே அது கூம்புகளின் வழியே ஆவியைப் பாய்ச்சி, அதன் வேகத்தால் குளிர்நீரைக் கொதிகலனுக்குள் தள்ளும் கருவி. தொட்டி நீர் வெயிலில் சூடானாலோ, உறிஞ்சு குழாயில் காற்றுக் கசிந்தாலோ, கூம்பில் உப்புப் படிந்தாலோ நீர் ஏறாமல் வழிகுழாயில் கொட்டும். சிறிய அளவில் கூம்பின் துளை ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருப்பதால் தூசி ஒன்றே போதும் அடைக்க. அதனால்தான் சக்கர அச்சால் இயங்கும் பம்பும் கைப்பம்பும் கூடவே வைப்பார்கள். ஆவிநீரேற்றி என்று முன்வைக்கிறேன். நீளம்தான். சுருக்க முடிந்தவர் எழுதுங்கள்.