கட்டப்படாத 2,400 மெகாவாட் சோவியத் அணுஉலை

மன்னார்குடியிலிருந்து கேள்வி: கூடங்குளத்து உலைகள் 1,000 மெகாவாட் அளவிலேயே இருக்க, செர்னோபிலில் இருந்த ஆர்பிஎம்கே வகையில் 2,400 மெகாவாட் உலை ஒன்றைச் சோவியத் பொறியாளர்கள் வடிவமைத்ததாகப் படித்தேன். அத்தனை பெரிதாக அவர்களால் எப்படி எண்ண முடிந்தது?

திருவையாற்றிலிருந்து பதில்: ஐயா, கூடங்குளத்து வகை தடித்த எஃகுக் கலனுக்குள் அடங்குவது, அக்கலனைச் செய்து கொண்டுசெல்லும் வசதியே அதன் அளவுக்கு எல்லை. ஆர்பிஎம்கேவிலோ கிராஃபைட் எனும் கரிமக் கட்டிகளின் அடுக்கினூடே 1,600க்கும் மேற்பட்ட குழாய்கள் செல்கின்றன. ஒவ்வொன்றிலும் தனித்தனியே எரிபொருளும் நீரும் உண்டு. வயல் கூடினால் மதகைக் கூட்டுவது போலக் குழாய்களைக் கூட்டலாம் என்பதே கணக்கு. 2,400 மெகாவாட் வடிவத்தில் உலையின் வழக்கமான வட்ட அமைப்பைக் கைவிட்டு, ஒரே மாதிரிப் பகுதிகளை வரிசையாகச் சேர்க்கும் செவ்வகமாக்கினார்கள். சில குழாய்களை நீராவியை மேலும் சூடாக்கவே ஒதுக்கினார்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து பதில்: உவமை நன்று. ஆனால் மதகு கூடக்கூடப் பங்கீடு எவ்வளவு சிக்கலாகும் என்பது எங்களைப் போன்ற கடைமடைக்காரர்களுக்குத் தெரியும். பெரிய உலையில் ஒரு மூலையில் அணுப்பிளவு வினை ஏறும்போது மறுமூலையில் இறங்கலாம். லித்துவேனியாவின் இக்னாலினாவில் இதே வகையில் 1,500 மெகாவாட் உலைகள் இரண்டே முடிந்தன. 1986 செர்னோபில் விபத்துக்குப் பின் அவற்றின் திறனும் குறைக்கப்பட்டது.

மன்னார்குடியிலிருந்து: நன்றி. உலைக்குள்ளேயே நீராவியை மிகைச்சூடாக்குவது புதிய யோசனையா?

திருவையாற்றிலிருந்து: இல்லை, 1964இல் இயங்கத் தொடங்கிய ரஷ்யாவின் பெலோயார்ஸ்க் அணுமின் நிலைய முதல் உலையிலேயே அது இருந்தது.